ஐந்து பெனிக் ரொட்டி, பன்னிரண்டு வருடக் கார்: இரண்டு ஜெர்மனிகளை ஒப்பிட ஏழு நாள்

புறப்படும் முன்

ஒரே மொழி, ஒரே சாப்பாடு, ஒரே போர்த் தோல்வி. 1949-ல் இரண்டு அரசுகளாகப் பிரிந்தன. கிழக்கு திட்டமிட்ட பொருளாதாரத்திலும் மேற்கு சந்தையிலும் 40 வருடம் ஓடி, 1990 அக்டோபர் 3-ல் மறுபடி ஒன்றாயின. சோஷலிசமா முதலாளித்துவமா என்று வாய்ச்சண்டை போடுவதைவிடப் போய்ப் பார்த்துவிடலாம் என்பவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆனால் தராசு முதல் நாளே கோணல். மேற்குக்கு அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவிப் பணம் வந்தது. கிழக்கிலோ சோவியத் ராணுவம் போர் இழப்பீடாகத் தொழிற்சாலை இயந்திரங்களையும் ரயில் தண்டவாளங்களையும் கழற்றிக்கொண்டு போனது. மேற்கு ஜெர்மனி கலப்படமில்லாத முதலாளித்துவமும் இல்லை. பிஸ்மார்க் காலத்து 1883 மருத்துவக் காப்பீடு, வலுவான தொழிற்சங்கம், மானிய வீடு எல்லாம் அங்கே உண்டு.

விலைப்பட்டியலை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எவ்வளவு காசு, எவ்வளவு காத்திருப்பு, யாரைத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதற்குக் கிழக்கு ஜெர்மானியர் வைத்த கிண்டல் பெயர் ‘வைட்டமின் பி’. ஜெர்மனில் ‘தொடர்பு’ என்ற சொல் பி-யில் தொடங்கும். நாம் சிபாரிசு என்போம்.

சனிக்கிழமை தொடங்குங்கள். ஹெல்லெர்ஸ்டோர்ஃபில் உள்ள வீட்டு அருங்காட்சியகம் ஞாயிறு மதியம் 2 முதல் 4 வரை மட்டும் திறந்திருக்கும். அதைத் தவறவிட்டால் பயணத்தில் பாதி போச்சு. எல்லா உள்ளூர் வண்டிகளுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும் (2025-ல் மாதம் 58 யூரோ). இது சந்தா. வாங்கிய மாதத்தின் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடித்துவிடுவார்கள். ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் செல்லாது. பெர்லினில் தனி டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடைப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாத கணக்கு. அபராதம் 60 யூரோ.

முதல் நாள், சனி: இரண்டு தெருக்கள்

அலெக்ஸாண்டர் பிளாட்ஸில் யு5 மெட்ரோ பிடித்து ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோரில் இறங்கி, கார்ல் மார்க்ஸ் அல்லே வழியாகத் திரும்பி நடக்கவும். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1961 வரை இதன் பெயர் ஸ்டாலின் அல்லே. ‘தொழிலாளிகளுக்கு அரண்மனை’ என்ற கோஷத்தோடு 1950-களின் தொடக்கத்தில் கட்டியது. போரில் சரிந்த கட்டடங்களின் செங்கல்லைத் துடைத்து எடுத்தே இதன் சுவர்கள் எழுந்தன. இடிபாடு அகற்ற வேலைக்கு வந்தவர்களுக்குக் குலுக்கலில் வீடு. உள்ளே மைய வெப்ப வசதி, லிஃப்ட், வெந்நீர். நகரத்தில் பெரும்பாலோர் கரி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த காலம் அது.

வெபர்வீஸே நிறுத்தத்தருகே ஹெர்மான் ஹென்ஸெல்மான் வடிவமைத்து 1952-ல் முடிந்த உயரக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, ஓடு பதித்த முகப்புகளை நெருங்கிப் பாருங்கள். புதுப்பித்தவைதான் இப்போது மினுமினுக்கின்றன. 80-களில் ஓடுகள் கழன்று நடைபாதையில் விழுந்துகொண்டிருந்தன. கட்ட மட்டும் பணம் ஒதுக்கி, பராமரிக்க ஒதுக்காமல் விடுவது இந்தப் பயணம் முழுக்கக் கூடவே வரும் வியாதி.

இங்கே வேலை செய்த கட்டடத் தொழிலாளர்கள்தான் 1953 ஜூன் 16-ல் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு ஊர்வலம் போனார்கள். அதே கூலிக்கு வேலை அளவை 10% கூட்டியது காரணம். மறுநாள் நாடு முழுக்கப் பரவியது. சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. தொழிலாளர் அரசில் தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் செய்ய வழியில்லை என்பதை வாழ்க்கைத் தரக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

மாலையில் யு9-ல் ஹன்ஸாபிளாட்ஸ். ஸ்டாலின் அல்லேக்கு மேற்கு பெர்லின் 1957-ல் சொன்ன பதில் இது. க்ரோபியஸ், ஆல்டோ, நீமேயர் எனப் பல நாட்டுக் கட்டடக் கலைஞர்களை அழைத்து, மரங்களுக்கு நடுவே தனித்தனியாகக் கட்டடங்களை வைத்தார்கள். தெருவே இல்லாத ஒரு பேட்டை. அழகாக இருக்கிறது. கிழக்கே ஊர்வலம் நடத்தத் தெரு கட்டினார்கள், இங்கே குடும்பம் நடத்தத் தோட்டம் போட்டார்கள் என்று மேற்கத்திய வழிகாட்டிகள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். சில வருடம் கழித்து மேற்கு பெர்லினும் மெர்கிஷஸ் ஃபீர்டெலில் சுமார் 17,000 வீடுகளை அடுக்கு அடுக்காகக் குவித்தது.

இரண்டாம் நாள், ஞாயிறு: மாதம் 109 மார்க்

அதே யு5, அதே திசையில் இன்னும் தள்ளிப் போனால் கொட்பூஸெர் பிளாட்ஸ். அங்கிருந்து நடந்தால் ஹெல்லெர்ஸ்டோர்ஃபெர் ஸ்ட்ராஸே 179. அடுக்குமாடியில் ஒரே ஒரு வீட்டை 80-களில் இருந்தபடி வைத்திருக்கிறார்கள்: மூன்று அறை, 61 சதுர மீட்டர், வாடகை 109 மார்க். கிழக்கு ஜெர்மனியில் சராசரி மாதச் சம்பளம் அப்போது சுமார் 1,300 மார்க். கணவன் மனைவி இருவரும் வேலை பார்ப்பதுதான் வழக்கம் என்பதால், குடும்ப வருமானத்தில் இருபதில் ஒரு பங்குகூட வாடகைக்குப் போகவில்லை.

கட்டடத்தின் வகை டபிள்யூபிஎஸ் 70. முதல் கட்டடம் 1973-ல் நோய்பிராண்டென்புர்க் நகரில் எழுந்தது. சுவர், தளம் எல்லாம் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகள். ஒன்றின் எடை அதிகபட்சம் 6.3 டன், ஏனென்றால் கிரேன் தூக்கும் அளவு அது. அறைகளின் அகலத்தைக்கூடப் பலகையின் அளவுதான் தீர்மானித்தது. குளியலறை முழுதாக ஒரு பெட்டியாக வரும். கிரேன் அதை இறக்கி வைத்துக் குழாயை இணைத்தால் வேலை முடிந்தது. சமையலறைக்கு ஜன்னல் இல்லாத வகையும் உண்டு. அதில் கூடத்துக்குச் சாப்பாடு நீட்ட ஒரு சதுரத் துளை இருக்கும்.

இனி குறைகள்.

பலகைகள் சேரும் இடுக்குதான் முதல் வில்லன். அங்கே அடைத்த பசை சில வருடத்தில் வறண்டு விரிந்து மழைநீர் உள்ளே இறங்கும். சுவர் மூலையில் பூஞ்சை. அடுத்தது வெப்பம். ஒரே குழாய் எல்லா வீட்டு ரேடியேட்டர்கள் வழியாகவும் தொடராக ஓடும். உங்கள் வீட்டில் அடைத்தால் அடுத்த வீட்டுக்குப் போகாது. அதனால் பெரும்பாலான வீடுகளில் வெப்பத்தைக் கூட்டக் குறைக்கத் திருகே வைக்கவில்லை. சூடு அதிகமானால் ஜனவரி மாதத்திலும் ஜன்னலைத் திறப்பார்கள். எவ்வளவு எரித்தாலும் அதே வாடகைதான் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. ஐந்து மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, ஆறாவது மாடி வந்தால்தான் உண்டு. ஊரெங்கும் ஐந்து மாடியாகவே கட்டித் தள்ளிய ரகசியம் இதுதான்.

காசு சரி, காத்திருப்பு? திருமணமாகிக் குழந்தை பிறந்தால் பட்டியலில் மேலே வரலாம். தனியாளுக்கு வருடக்கணக்கு. இருபது, இருபத்தொன்றிலேயே கல்யாணம் நடந்ததற்கு வீடும் ஒரு காரணம். கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தால் பங்குத்தொகை கட்டி, கட்டுமான இடத்தில் இத்தனை மணி நேரம் உடலுழைப்பும் தர வேண்டும். எதுவும் நடக்காதபோது கடைசி ஆயுதம் ‘ஐன்காபே’, அதாவது மனு. 1975 சட்டப்படி நான்கு வாரத்துக்குள் பதில் தந்தாக வேண்டும். ‘கூரை ஒழுகுகிறது, சரி செய்யாவிட்டால் தேர்தலில் ஓட்டுப் போட வரமாட்டேன்’ என்று எழுதியவர்கள் ஏராளம். 99% வாக்குப்பதிவு காட்ட வேண்டிய அதிகாரிக்கு அது நிஜமான மிரட்டல்.

1990-க்குப் பிறகு வெளிச்சுவரில் வெப்பக்காப்பு ஒட்டி, ரேடியேட்டருக்குத் திருகு வைத்து, மீட்டர் பொருத்தினார்கள். ஆள் குறைந்த ஊர்களில் 2002 முதல் அரசுத் திட்டத்தில் இடித்தும் தள்ளினார்கள். போன வீடுகள் சுமார் 3 லட்சம். மறுபக்கம் பெர்லினில் வாடகை ஏறிக்கொண்டே போனது. நகர அரசு 2020-ல் வாடகை உச்சவரம்பு போட, 2021 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே வருடம் செப்டம்பரில் 3,000-க்கு மேல் வீடு வைத்திருக்கும் கம்பெனிகளின் வீடுகளைப் பொதுவுடைமை ஆக்கலாமா என்று கேட்ட வாக்கெடுப்பில் 59% ஆமாம் என்றது. அது சட்டமாக வந்து ஒரு வீடும் கைமாறவில்லை.

மூன்றாம் நாள், திங்கள்: கடை, கோப்பை, கோப்பு

திங்களன்று பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். கார்ல் லீப்க்னெஹ்ட் ஸ்ட்ராஸேயில் உள்ள டிடிஆர் (கிழக்கு ஜெர்மனியின் ஜெர்மன் பெயர்ச்சுருக்கம்) மியூசியமும், லிஷ்டென்பெர்கில் உள்ள ஸ்டாஸி மியூசியமும் திறந்திருக்கும். முதலாவது எப்போதும் பள்ளிக்கூடக் கும்பலோடு இருக்கும். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள்.

விலைகளைப் பார்க்கும்போது ஒரு வாய்ப்பாடு. வாரம் 43.75 மணி வேலை, மாதம் 1,300 மார்க் என்றால் ஒரு மணி நேரம் சுமார் 7 மார்க். குட்டி ரொட்டி 5 பெனிக் (100 பெனிக் ஒரு மார்க்): அரை நிமிட உழைப்புகூட இல்லை. பெர்லின் டிராம் 20 பெனிக்: இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 250 கிராம் வெண்ணெய் 2.40 மார்க்: இருபது நிமிடம். காபிக்கு வந்ததும் கணக்கு தலைகீழ். ‘ரோண்டோ’ 125 கிராம் பொட்டலம் 8.75 மார்க், அதாவது கிலோ 70 மார்க், பத்து மணி நேர உழைப்பு. மேற்கில் அதே கிலோவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் போதும். கலர் டிவிக்கு நாலு மாதச் சம்பளம். காபிக் கொட்டைக்கு டாலர் வேண்டும். ரொட்டிக்கு உள்ளூர்க் கோதுமை போதும். எது மலிவு எது விலை என்பதை அந்நியச் செலாவணிதான் முடிவு செய்தது. 1977-ல் உலகக் காபி விலை எகிறியபோது பாதியளவே காபி கலந்த ஒரு தூளை இறக்கினார்கள். மக்கள் காறித் துப்பினார்கள். திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிறகு 1980-ல் வியட்நாமோடு காபித் தோட்ட ஒப்பந்தம்.

மலிவு ரொட்டியிலும் ஒரு கோளாறு. ரொட்டி, மாட்டுத் தீவனத்தைவிட மலிவு. அதனால் பன்றிக்கும் முயலுக்கும் ரொட்டி போட்டு வளர்த்தார்கள். விலையை உறைய வைத்தால் பொருள் எந்தப் பக்கம் ஒழுகும் என்பதற்கு இதைவிட நேரான பாடம் இல்லை.

வீட்டுச் சாமான் அடுக்கில் ‘சூப்பர்ஃபெஸ்ட்’ பீர் கோப்பைகள் நிற்கும். கையில் எடுத்துப் பார்க்க ஒன்று வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைகளில் தேடுங்கள். மெல்லிய சுவர், ஒன்றுமேல் ஒன்று அடுக்கலாம், கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடையாது. சாக்ஸனியில் ஷ்வெப்னிட்ஸ் ஆலையில் 1980 முதல் 1990 வரை பத்து கோடிக்கு மேல் செய்தார்கள். செய்முறை இது: ஊதி முடித்த கோப்பையை உருகிய பொட்டாசியம் உப்பில் முக்குவார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் புகுந்து நெருக்கியடித்து உட்காரும். மேல்தோல் இப்படி இறுகிக் கிடப்பதால் கீறல் விரிசலாக வளராது. மூலப்பொருள் மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்தது. மேற்கில் விற்கப் போனபோது வியாபாரிகள் கைவிரித்தார்கள். கோப்பை உடைந்தால்தானே அடுத்த கோப்பை விற்கும்? 1990-ல் ஆலை நின்றது. இன்று உங்கள் கைபேசித் திரைக் கண்ணாடியை வலுவாக்குவதும் இதே அயனி மாற்றம்தான்.

மதியம் யு5-ல் மக்டலேனென்ஸ்ட்ராஸே. 1989-ல் சுமார் 1.6 கோடி மக்களுக்கு ஸ்டாஸி எனும் ரகசிய போலீஸின் முழுநேர ஊழியர்கள் 91,000 பேர். ரகசியத் தகவலாளிகள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே வருடம் வீட்டில் தொலைபேசி இருந்தது ஆறில் ஒரு குடும்பத்துக்கு. எங்கே பணம் இருந்தது, எங்கே இல்லை என்பதற்கு வேறு பட்டியல் தேவையில்லை. 1961-ல் சுவர் எழுப்பும் முன் 27 லட்சம் பேருக்கு மேல் மேற்கே போய்விட்டார்கள். பெர்லின் சுவரில் செத்தவர்கள் குறைந்தது 140 பேர். ஓய்வூதியர்களை மட்டும் 1964 முதல் மேற்கே போய்வர விட்டார்கள். திரும்பி வராவிட்டால் அரசுக்கு ஓய்வூதியம் மிச்சம்.

நான்காம் நாள், செவ்வாய்: எஃகு நகரம்

பெர்லினிலிருந்து ஆர்இ1 ரயிலில் ஐஸென்ஹூட்டென்ஸ்டாட், சுமார் ஒன்றரை மணி நேரம். எல்லா வண்டியும் அதுவரை போகாது. ஃபிராங்க்ஃபுர்ட் ஓடரோடு நின்றுவிடும் வண்டிகளைப் பலகையில் கவனிக்கவும். நிலையத்திலிருந்து ஊர் மையம் கொஞ்சம் தொலைவு, பஸ் உண்டு.

1950-ல் வெறும் பைன் காட்டில் எஃகு ஆலைக்காக எழுந்த ஊர். 1953 முதல் 61 வரை ஸ்டாலின்ஸ்டாட். உக்ரைனிலிருந்து இரும்புத் தாது, போலந்திலிருந்து நிலக்கரி. இரண்டும் அருகில் இல்லாத இடத்தில் எஃகு ஆலை எதற்கு என்று கேட்டால், மேற்கு எஃகு தராது என்ற பயம்தான் பதில். ஆலையும் முழுமையில்லை. வார்த்த எஃகுக் கட்டியைச் சூடாக உருட்டித் தகடாக்கும் பகுதி இல்லை. கட்டியை வெளியே அனுப்பி உருட்டித் திரும்ப வாங்கினார்கள். சங்கிலியின் அந்த நடுக்கண்ணி 1997-ல்தான் வந்து சேர்ந்தது, தனியார் கையில்.

ஊரமைப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு குடியிருப்பு வளாகத்துக்குள்ளும் மழலையர் காப்பகம், பாலர் பள்ளி, பள்ளிக்கூடம், கடை. குழந்தை பெரிய சாலையைத் தாண்ட வேண்டியதில்லை. முதல் மூன்று வளாகங்களை நிதானமாக நடந்து பாருங்கள்.

அன்றாட வாழ்க்கை அருங்காட்சியகம் எரிஷ் வைனெர்ட் அல்லேயில், ஒரு பழைய காப்பகக் கட்டடத்தில். மாடிப்படியில் வால்டர் வொமாக்காவின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைத் தவறவிட வேண்டாம். இந்தக் கட்டடம்தான் பெண்களின் கணக்கைப் பேச ஏற்ற இடம். 1989-ல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 80% காப்பகத்தில். மேற்கில் அது நூற்றுக்கு மூன்றுகூட எட்டவில்லை. காப்பகம் காலை ஆறுக்கே திறக்கும். பெற்றோர் கட்டியது சாப்பாட்டுக் காசு மட்டும். கிழக்கில் வேலை அல்லது படிப்பில் இருந்த பெண்கள் சுமார் 90%, மேற்கில் பாதியை ஒட்டி. 1976 முதல் இரண்டாவது குழந்தைக்கும், 1986 முதல் முதல் குழந்தைக்கும் சம்பளத்தோடு ஒரு வருட விடுப்பு. மாதம் ஒரு நாள் வீட்டு வேலைக்கென்றே சம்பள விடுப்பு வேறு. அந்த நாளைப் பெரும்பாலும் பெண்களுக்கே கொடுத்தார்கள். துவைப்பதும் கடை வரிசையில் நிற்பதும் யார் வேலை என்பதில் அரசுக்கே சந்தேகம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. குழந்தைகளை நீளப் பலகையில் வரிசையாக உட்கார வைத்து, எல்லாரும் முடித்தால்தான் எழலாம் என்று மலம் கழிக்கப் பழக்கியது இன்றும் அங்கே சண்டைக்குரிய விஷயம். ஒப்பந்தத் தொழிலாளியாக வியட்நாமிலிருந்தும் மொஸாம்பிக்கிலிருந்தும் வந்த பெண்களுக்கு இந்தச் சலுகைகள் எட்டவில்லை. கர்ப்பமானால் கருக்கலைப்பு, இல்லையேல் ஊருக்குத் திரும்பும் விமானம். 1989 தொடக்கம் வரை அதுதான் விதி.

80-களின் இறுதியில் ஊரில் 50,000 பேருக்கு மேல். இன்று ஏறக்குறைய பாதி. மதிய உணவுக்குக் கடைகளை நம்பி வர வேண்டாம்.

ஐந்தாம் நாள், புதன்: ‘ஆர்வோ கலர்’ பிறந்த ஊர்

எழுபதுகளின் தமிழ் சினிமா போஸ்டர்களில் ஈஸ்ட்மென் கலருக்குப் பக்கத்திலேயே ‘ஆர்வோ கலர்’ என்றும் பார்த்திருப்பீர்கள். ஒரிஜினல் வோல்ஃபென் என்பதன் சுருக்கம் அது. பெர்லினிலிருந்து ஆர்இ7-ல் டெசாவ், அங்கே மாறி லைப்ஸிக் போகும் எஸ்-பான் புறநகர் ரயிலில் வோல்ஃபென். பெட்டியைத் தூக்கிக்கொண்டே போங்கள், இரவு லைப்ஸிக்கில் தங்கலாம். பழைய ஆலைக் கட்டடமே திரைப்படச்சுருள் அருங்காட்சியகம். வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பதுதான் பயன். நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளவும்.

கொடாக் சுருளுக்கு டாலர் வேண்டும். கிழக்கு ஜெர்மனியோடு இந்தியாவுக்கு ரூபாய் வர்த்தகம். டாலர் தட்டுப்பாட்டில் இருந்த படத்தயாரிப்பாளருக்கு ஆர்வோ கைக்கெட்டிய கலர். ஆனால் அதன் வேதியியல் பழைய அக்ஃபா கம்பெனி முறை. கொடாக் சுருளைக் கழுவும் கரைசலில் இதைக் கழுவ முடியாது. லேபில் தனி வரிசை வேண்டும். நாளடைவில் நிறம் வெளுக்கும். கிழக்கத்திய தொழில்நுட்பத்தின் நிலை இதில் அப்படியே தெரிகிறது: 1936-ல் இதே ஆலை கலர் சுருளில் உலகத்துக்கு முன்னோடி. போருக்குப் பின் அமெரிக்கர் காப்புரிமை ஆவணங்களை எடுத்துப் போக, சோவியத்துகள் இயந்திரத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்து உக்ரைனுக்குக் கொண்டு போக, மிச்சத்தில் 40 வருடம் ஓட்டினார்கள்.

வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பாதிப் பேருக்குப் பணியிடம் முழு இருட்டு. ஆலைக் கழிவுநீரைப் பழைய கரிக்குழியில் விட்டதில் உருவான குட்டைக்கு மக்கள் வைத்த பெயர் ‘வெள்ளி ஏரி’.

முடிவு எப்படி வந்தது? 1990 ஜூலை 1-ல் மேற்கு மார்க் வந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் வயதுக்கேற்ப 2,000, 4,000, 6,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. குடும்பங்களுக்குக் கொண்டாட்டம். ஆலைகளுக்கு அதே நாள் தூக்கு. அதுவரை மேற்கில் ஒரு மார்க் சம்பாதிக்க அவர்களுக்குச் சுமார் 4.40 கிழக்கு மார்க் செலவானது. இப்போது அந்தச் செலவு முழுக்க மேற்கு மார்க்கில். சோவியத் யூனியனும் போலந்தும் இனி வாங்குவதென்றால் மேற்கு மார்க் தர வேண்டும், அவர்களிடம் இல்லை. ட்ரொய்ஹாண்ட் என்ற அரசு நிறுவனம் சுமார் 40 லட்சம் தொழிலாளர்களின் ஆலைகளை எடுத்துக்கொண்டு 1994 இறுதிக்குள் விற்றது, பிரித்தது, மூடியது. கிழக்கில் 1994-ல் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.77. போரில்லாத காலத்தில் கேள்விப்படாத சரிவு. 2005-ல்கூட வேலையின்மை 18%-க்கு மேல். வேலை போகும் பயம் என்றால் என்னவென்றே அறியாமல் 40 வயது வரை வந்தவர்களுக்கு இது என்ன செய்திருக்கும் என்பதை எந்த ஜிடிபி கணக்கும் காட்டாது.

ஆறாம் நாள், வியாழன்: லைப்ஸிக்

கிரிம்மைஷே ஸ்ட்ராஸேயில் உள்ள சமகால வரலாற்று அரங்கத்துக்கு அனுமதி இலவசம், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே நிக்கோலாய் தேவாலயம். 1989 அக்டோபர் 9-ல் சுமார் 70,000 பேர் அரசை எதிர்த்து இங்கிருந்து நகர வட்டச்சாலையில் நடந்தார்கள்.

சுதந்திரம் மட்டுமா அவர்கள் கேட்டது? வீடும்தான். இந்த ஊரின் நூறாண்டுப் பழைய வீடுகள் கண்ணெதிரே இடிந்துகொண்டிருந்தன. வாடகை 1936-ல் உறைந்த அளவிலேயே நின்றது, சதுர மீட்டருக்கு ஒரு மார்க்கைச் சுற்றி. அந்த வருமானத்தில் சொந்தக்காரரால் கூரை ஓடுகூட மாற்ற முடியாது. மாற்றப் பணம் இருந்தாலும் ஓடும் தச்சரும் புது அடுக்குமாடித் திட்டத்துக்குப் போய்விட்டார்கள். முதலில் கூரைத் தண்ணீர்க் குழாய் அடைபடும். நீர் சுவரில் இறங்கி, தளத்தைத் தாங்கும் மர உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில் உளுக்கும். மேல்மாடியைக் காலி செய்து கீழே வருவார்கள், பிறகு அதையும். மலிவு வாடகையின் நிஜ விலையைக் கொடுத்தது வீடுதான்.

சந்தை வந்த பிறகும் உடனே சரியாகவில்லை. பழைய சொந்தக்காரர்களின் வாரிசுகள் உரிமை கோர, வழக்கு முடியும்வரை யாரும் கைவைக்கவில்லை. பிறகு வரிச்சலுகைக்காக மேற்கத்தியர் வாங்கிப் புதுப்பித்தார்கள். அழகான வீடுகளின் வாடகை இன்றும் பெரும்பாலும் மேற்கே போகிறது. ஊரிலிருந்து ஆள் போய்க்கொண்டே இருந்ததால் 2000 வாக்கில் சுமார் 60,000 வீடு காலி. இப்போது மக்கள்தொகை ஆறு லட்சத்தைத் தாண்டி, காலி வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

மதியம் மார்க்கிளேபெர்க் வரை எஸ்-பான், அங்கிருந்து சைக்கிளில் கொஸ்புடென் ஏரி. திறந்தவெளிச் சுரங்கத்தில் நீர் நிரப்பி 2000-ல் திறந்தது. கிழக்கு ஜெர்மனி பழுப்பு நிலக்கரியை வருடத்துக்கு சுமார் 30 கோடி டன் தோண்டியது, உலகத்திலேயே அதிகம். துவைத்த துணியை வெளியே காயப்போட்டால் கரி படியும். 70-களின் தொடக்கத்தில் இரு நாட்டு ஆயுளும் ஏறக்குறைய சமம். 1990-ல் கிழக்கு சுமார் மூன்று வருடம் பின்னே. இலவச மருத்துவம் இருந்தும் அப்படி: இதய அறுவைக்கும் டயாலிசிஸுக்கும் வேண்டிய கருவிக்கு அந்நியச் செலாவணி இல்லை. காபிக் கணக்குதான் இங்கும். பெண்களின் ஆயுள் இடைவெளி பிறகு முழுக்க மூடிவிட்டது, ஆண்களுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம்.

ஏழாம் நாள், வெள்ளி: ட்ராபன்ட்

லைப்ஸிக்கிலிருந்து எஸ்5-ல் ஸ்விக்காவ், ஆகஸ்ட் ஹோர்ஷ் அருங்காட்சியகம். 1964 முதல் 1990 வரை உருவம் மாறாமல் வந்த கிழக்கு ஜெர்மன் கார் ட்ராபன்ட் 601-ன் அருகே குனிந்து பாருங்கள். இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 26 குதிரைசக்தி. பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கு மேலேயே. பம்பு வேண்டாம், தானே இறங்கும். மோதினால் என்ன ஆகும் என்று யோசிக்காதிருப்பது நல்லது. பெட்ரோல் அளவு காட்டும் முள் இல்லை. மூடியைத் திறந்து அளவுக்குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். 50 லிட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கலக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் பின்னால் வருபவருக்கு நீலப் புகை.

தகரம் தட்டுப்பாடு என்பதால் உடம்பு டியூரோபிளாஸ்ட். பருத்தி இழையை பீனால் பிசினில் ஊறவைத்து சூடான அச்சில் அழுத்தியது. தகரத்தை நொடியில் அடித்து எடுக்கலாம். இது இறுக நிமிடங்கள் ஆகும். உற்பத்தியைக் கூட்ட முடியாமல் போனதற்கு அது ஒரு காரணம். மேலே துருப்பிடிக்காது, உள்ளே உள்ள எஃகுச் சட்டம் பிடிக்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் தரைத்தகட்டைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார்கள்.

விலை 8,500-லிருந்து 12,000 மார்க் வரை. காத்திருப்பு பத்து முதல் பதினைந்து வருடம். அதனால் குடும்பத்தில் யாருக்குப் பதினெட்டு ஆனாலும் உடனே பதிவு செய்துவிடுவார்கள், கார் வேண்டுமோ இல்லையோ. பதிவுச்சீட்டே கைமாறும் சரக்கானது. உடனே கிடைக்கும் என்பதால் ஓடித் தேய்ந்த கார் புதுக் காரைவிட விலை கூட. மேற்கில் உறவினர் இருந்தால் ஜெனெக்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் பட்டியலில் அவர் மேற்கு மார்க் கட்டுவார். காத்திருக்காமல் வண்டி வந்துவிடும். சமத்துவ நாட்டில் வரிசையைத் தாண்டச் சட்டப்படியே வழி இருந்தது, எதிரி நாட்டின் காசில்.

ஸ்விக்காவ் புறநகர் மோஸெலில் 1990 மே மாதமே ஃபோல்க்ஸ்வாகன் கார் உருட்ட ஆரம்பித்துவிட்டது. இன்று அங்கே மின்சாரக் கார்கள். பழைய ஆலையின் கடைசி ட்ராபன்ட் 1991 ஏப்ரல் 30-ல் வெளிவந்தது. மொத்தம் 30 லட்சத்துக்கு மேல். அதற்குள் மேற்கத்திய பழைய கார்கள் வந்து குவிந்து, தெருவோரம் சாவியோடு ட்ராபன்டை விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. 1978-ல் பதிவு செய்து 1990 கோடையில் முறை வந்தவர்கள் அந்தச் சீட்டை என்ன செய்வது என்று தெரியாமல் பத்திரப்படுத்தி வைத்தார்கள். பழஞ்சாமான் சந்தையில் அது இப்போது சில யூரோவுக்குக் கிடைக்கும்.

திரும்ப லைப்ஸிக்குக்குக் கடைசி எஸ்5 எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.